உயரம் ஒரு நாள் அளவு, வளர்ச்சி ஓராண்டுக் கணக்கு

(காணிப்பாக்கத்தில் பெற்றோர், அங்கன்வாடிப் பணியாளர் அவையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



வளர்ச்சியைப் பற்றிப் பேசக் காணிப்பாக்கத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. இங்கே கிணற்றுக்குள் எழுந்தருளியிருக்கும் சுயம்பு வரசித்தி விநாயகர் இன்றும் வளர்ந்துகொண்டிருக்கிறார் என்பது இந்த மண்ணின் நம்பிக்கை. அதற்கு ஊரார் காட்டும் சான்று, பல பத்தாண்டுகளுக்கு முன் அவருக்குச் சாத்திய வெள்ளிக் கவசம் இப்போது பொருந்துவதில்லை என்பதுதான். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யாரும் அவரை வேறோர் ஊர் விநாயகரோடு ஒப்பிட்டு இந்த முடிவுக்கு வரவில்லை. அவருடைய பழைய அளவோடு அவரையே ஒப்பிடுகிறார்கள். நம் வீட்டுக் குழந்தைகளிடம் மட்டும் நாம் இப்படி நடந்துகொள்வதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையை அருகில் நிறுத்தி, “என்னம்மா, உன் பிள்ளை இவ்வளவு குள்ளமாக இருக்கிறானே” என்று கேட்டுவிடுகிறோம். அன்றிரவு அந்தத் தாய் சரியாகச் சாப்பிடுவதில்லை. மறுநாள் கடையிலிருந்து உயரம் கூட்டும் மாவு டப்பா ஒன்று வீட்டுக்கு வருகிறது. நான் இன்று சொல்ல வந்தது ஒரே செய்தி: குழந்தை குள்ளமாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், குழந்தை வளர்கிறதா என்பதை அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள். அளந்த பிறகு செய்ய வேண்டியவை நிறைய உண்டு, அவற்றில் பெரும்பாலானவை நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன.

முதலில் சராசரி என்பதைப் புரிந்துகொள்வோம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவீட்டின்படி, இரண்டு வயது ஆண் குழந்தையின் நடுத்தர உயரம் ஏறத்தாழ 87 சென்டிமீட்டர், பெண் குழந்தைக்கு 86-க்குச் சற்றுக் குறைவு. நடுத்தரம் என்றாலே பாதிப் பிள்ளைகள் அதற்குக் கீழேதான் இருப்பார்கள். 84 சென்டிமீட்டர் உள்ள இரண்டு வயதுப் பையன் சராசரியைவிடக் குள்ளம்தான், ஆனால் அவன் நலமான வரம்புக்குள்தான் இருக்கிறான். மருத்துவர்கள் கோடு போடும் இடம் இன்னும் கீழே, ஆணுக்கு 81, பெண்ணுக்கு 79 சென்டிமீட்டரை ஒட்டி வருகிறது. நல்ல உணவும் நல்ல சூழலும் கிடைத்த குழந்தைகளில்கூட நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் இயல்பாகவே இந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பார்கள். நம் மாநிலத்தின் நிலையைப் பாருங்கள். 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஆந்திரப் பிரதேசத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 31.2 விழுக்காட்டினர் தம் வயதுக்குரிய அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறார்கள். அதற்கு முந்தைய ஆய்வில் இது 31.4. இடையில் போன ஆண்டுகளில் ஏறக்குறைய எதுவும் மாறவில்லை. பக்கத்தில் தமிழ்நாட்டில் 25, நாடு முழுவதற்கும் 35.5. இயற்கை நூற்றுக்கு இரண்டு மூன்று பேரைக் குள்ளமாகப் படைக்கிறது; நாம் முப்பத்தொரு பேரைக் குள்ளமாக வைத்திருக்கிறோம். அந்த முப்பத்தொருவரில் யார் இயற்கையாகக் குள்ளம், யாருடைய வளர்ச்சி தடைபட்டது என்று ஒரு நாள் அளவு சொல்லாது. வரிசையான அளவுகள்தான் சொல்லும்.

அளப்பது எளிதான வேலை என்று நினைக்கிறோம். கதவு நிலையில் நிறுத்திப் பென்சிலால் கோடு போடுவது வீட்டுக்கு நல்ல நினைவுதான், ஆனால் அது அளவாகாது. இரண்டு வயது வரை குழந்தையைப் படுக்க வைத்து அளக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். உச்சிக் குடுமியும் கிளிப்பும் இருந்தால் முதலில் அவிழ்க்க வேண்டும். ஒருவர் தலையைப் பிடித்து, உச்சி பலகையைத் தொட, கண் நேரே மேலே பார்க்கும்படி வைக்க வேண்டும். இன்னொருவர் முழங்காலை மெல்ல அழுத்தி நீட்டி, நகரும் பலகையை உள்ளங்காலில் முழுதாகப் படியும்படி கொண்டுவர வேண்டும். பிள்ளை அழும், உதைக்கும். அதனால்தான் இரண்டு முறை அளக்கச் சொல்கிறார்கள். இரண்டு வயதுக்கு மேல் நிற்க வைத்து அளக்கலாம். படுத்த அளவுக்கும் நின்ற அளவுக்கும் ஏறத்தாழ 0.7 சென்டிமீட்டர் வேறுபாடு வரும். இது தெரியாவிட்டால் இரண்டாவது பிறந்தநாளுக்குப் பிறகு பிள்ளை சுருங்கிவிட்டதாகத் தாய்-சேய் அட்டை சொல்லும். மூன்றாவது வயதில் ஒரு குழந்தை ஆண்டுக்கு எட்டு சென்டிமீட்டர் வளர்கிறது என்றால் மாதத்துக்கு ஏழு மில்லிமீட்டர்தான் வருகிறது. அளக்கும் கை சற்றுப் பிசகினாலே அந்த ஏழு மில்லிமீட்டர் மறைந்துவிடும். எனவே எடையை மாதாமாதம் பாருங்கள். உயரத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்குப் பாருங்கள். முதல் ஆண்டில் சுமார் 25 சென்டிமீட்டர், இரண்டாம் ஆண்டில் 12, மூன்றாம் ஆண்டில் 8 என்பது பொதுவான வேகம்.

இங்கே ஒரு கேள்வி வரும். “எங்கள் வம்சமே குள்ளம்தான். அப்பாவும் குள்ளம், அம்மாவும் குள்ளம். பிள்ளை மட்டும் எப்படி வளர்வான்?” இது நியாயமான கேள்வி. பொருளாதார அறிஞர் அரவிந்த் பனகாரியா 2013-இல் இதையே நாடு தழுவிய வாதமாக வைத்தார். இந்தியர்கள் மரபணுவாலேயே குள்ளமானவர்கள், ஆகவே உலக அளவுகோலைக் கொண்டு நம் குழந்தைகளை அளப்பது தவறு என்பது அவர் கருத்து. அதற்கான பதில் அந்த அளவுகோல் உருவான விதத்திலேயே இருக்கிறது. 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்ற ஆறு நாடுகளில், போதிய வசதியுள்ள, தாய்ப்பால் குடித்த, புகைபிடிக்காத தாய்மாரின் குழந்தைகளை அளந்தார்கள். இந்தியாவிலிருந்து சேர்ந்தவர்கள் தெற்கு டெல்லிக் குழந்தைகள். குழந்தைகளுக்கிடையே இருந்த உயர வேறுபாட்டில் நாட்டுக்கு நாடு வந்த பங்கு நூற்றுக்கு மூன்று அளவுதான். மீதியில் பெரும்பங்கு ஒரே ஊர்ப் பிள்ளைகளுக்கிடையே உள்ள இயல்பான வேறுபாடு. இன்னொரு சான்று இதைவிட வலுவானது. சீமா ஜெயச்சந்திரனும் ரோகிணி பாண்டேயும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியாவின் முதல் குழந்தைகள் ஆப்பிரிக்காவின் முதல் குழந்தைகளைவிடக் குள்ளமாக இல்லை என்று காட்டினார்கள். பின்தங்கல் இரண்டாவது குழந்தையில் தொடங்கி அடுத்தடுத்த குழந்தைகளில் அதிகமாகிறது. ஆண் வாரிசு மீதுள்ள விருப்பத்தோடு அதை அவர்கள் தொடர்புபடுத்தினார்கள். ஒரே தாய் தந்தையின் மரபு பிறந்த வரிசையைப் பார்த்துக் குறைவதில்லை. குறைவது தட்டில் விழும் பங்கும், தாய்க்குக் கிடைக்கும் ஓய்வும், கவனமும்தான். நூறு ஆண்டில் தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் 20 சென்டிமீட்டர் கூடியது. அந்த நூறு ஆண்டில் அவர்கள் மரபணு மாறிவிடவில்லை.

ஆனாலும் வம்சத்தை முழுதாகத் தள்ளிவிட முடியாது. ஒரு நாட்டுக்கு மரபு விளக்கமாகாது; ஒரு வீட்டுக்கு ஆகலாம். தாய் தந்தை உயரங்களைக் கூட்டி, பையனென்றால் 13-ஐக் கூட்டி, பெண்ணென்றால் 13-ஐக் கழித்து, இரண்டால் வகுத்தால் பிள்ளை வளர்ந்த பிறகு எட்டக்கூடிய உயரம் தோராயமாகக் கிடைக்கும். தந்தை 160, தாய் 150 என்றால் மகனுக்கு 161.5, மகளுக்கு 148.5, இதற்கு மேலும் கீழும் எட்டு சென்டிமீட்டர் வரை போகலாம். இப்படிப்பட்ட வீட்டுக் குழந்தை பிறக்கும்போது நடுத்தர நீளத்தில் இருந்து, ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் வளர்ச்சிக்கோட்டில் சற்றுக் கீழிறங்கித் தன் பாதையைப் பிடிக்கும். பிறகு அதே பாதையில் நிலையாகப் போகும். பசி எடுக்கிறது, ஓடியாடுகிறது, பேச்சு வருகிறது, எடை உயரத்துக்கு ஏற்றதாக இருக்கிறது என்றால் அந்தக் குழந்தை நலமான குழந்தை. அதை விட்டுவிடுங்கள், அது விளையாடட்டும். ஆனால் பெற்றோரின் உயரத்தைக் காரணம் காட்டும்போது இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அந்தப் பெற்றோரே தங்கள் குழந்தைப் பருவத்தில் போதிய உணவில்லாமல் குன்றியவர்களாக இருக்கலாம். அப்படியானால் வம்சம் என்று நாம் சொல்வது ஒரு தலைமுறையின் பசி அடுத்த தலைமுறைக்கு வந்து சேர்வதைத்தான்.

இன்னொரு மறுப்பு நயமானது. “குள்ளமாக இருந்தால் என்ன, ஆரோக்கியமாக இருந்தால் போதாதா?” 1982-இல் டேவிட் செக்லர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இதையே கோட்பாடாக முன்வைத்தார். உணவு குறைந்தால் உடல் சிறியதாகித் தன்னைப் பொருத்திக்கொள்கிறது, அதனால் இழப்பில்லை என்றார் அவர். சேலத்தில் பிறந்து, ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் இயக்குநராக இருந்த டாக்டர் சி. கோபாலன் இதைக் கடுமையாக எதிர்த்தார். சிறிய உடல் என்பது ஏழைக்கு மட்டும் போதும் என்று சொல்லப்படும் அளவுகோல், வசதியானவர் தம் பிள்ளைக்கு அதை ஏற்பதில்லை என்பது அவருடைய வாதத்தின் சாரம். வரலாறு அவர் பக்கம்தான் நின்றது. குவாத்தமாலாவில் 1969 முதல் 1977 வரை நான்கு கிராமங்களில் நடந்த ஆய்வில், சில குழந்தைகளுக்குப் புரதம் மிகுந்த கஞ்சி தரப்பட்டது. இரண்டு வயதுக்குள் அதைப் பெற்ற ஆண் குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களானபோது அவர்களின் மணிக்கூலி ஏறத்தாழ 46 விழுக்காடு அதிகமாக இருந்தது. அந்தக் கூலி உயரத்துக்குக் கிடைத்ததில்லை. உடலை வளர்த்த அதே உணவு மூளையையும் வளர்த்திருந்தது. வளர்ச்சி குன்றுவது ஓர் அடையாளம். அந்த அடையாளத்துக்குப் பின்னால் நடப்பதுதான் நாம் கவலைப்பட வேண்டியது. குள்ளமான ஒரு மனிதரைக் குறைவாக மதிக்க இதில் இடமே இல்லை.

உணவால் உண்மையில் உயரம் கூடுமா என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. 1987 முதல் 1990 வரை ஹைதராபாத் அருகே 29 கிராமங்களில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு சோதனை நடத்தியது. 15 கிராமங்களில் கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் மக்காச்சோளமும் சோயாவும் கலந்த உப்புமா தினமும் தரப்பட்டது. பதினைந்து ஆண்டு கழித்து அந்தப் பிள்ளைகளைத் தேடிப்பிடித்து அளந்தபோது, மற்ற 14 கிராமத்துப் பிள்ளைகளைவிட அவர்கள் சராசரியாக 14 மில்லிமீட்டர் உயரமாக இருந்தார்கள். இது பெரிய அளவில்லை என்று தோன்றலாம். ஒரு வேளை உப்புமா ஒரு தலைமுறையின் சராசரியையே உயர்த்தியது என்று நினைத்துப் பார்த்தால் அதன் எடை தெரியும். நம் வட்டாரத்துக்கு வருவோம். சித்தூர் மண்ணில் கேழ்வரகும், வேர்க்கடலையும், பாலும் குறைவில்லாமல் கிடைக்கின்றன. ஆனால் ஒரு வயதுக் குழந்தையின் தட்டில் பெரும்பாலும் விழுவது ரசம் விட்டுக் கரைத்த சோறும், டீயில் தோய்த்த பிஸ்கட்டும்தான். அதே தட்டில் குழைந்த ராகி சங்கட்டி, கெட்டியான பப்பு, அதில் முருங்கைக் கீரை, ஒரு ஸ்பூன் நெய், ஒரு முட்டை இருந்தால் அது வேறு உணவு. முட்டை சாப்பிடாத வீட்டில் தயிரும், அரைத்த வேர்க்கடலையும், இரண்டு வகைப் பருப்பும் சேர்த்துக் கொடுங்கள். வேர்க்கடலையை முழுதாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். குழந்தையின் வயிறு சிறியது. ஒன்பது மாதத்துக்குப் பிறகு நாளுக்கு மூன்று நான்கு வேளையும், இடையில் ஒன்றிரண்டு சிற்றுணவும், இரண்டு வயது வரை தாய்ப்பாலும் வேண்டும். பால் நல்லது என்று நாள் முழுக்கப் பாலையே கொடுத்தால் சோற்றுக்கு இடமிருக்காது, இரும்புச்சத்தும் குறையும். அரை லிட்டருக்குள் நிறுத்துங்கள். மாடு வளர்த்துப் பாலை முழுவதும் டெய்ரிக்கு ஊற்றும் வீடுகளைக் கேட்டுக்கொள்கிறேன்: முதல் டம்ளர் வீட்டுப் பிள்ளைக்கு. அங்கன்வாடியில் தரும் பாலாமிர்தம் சத்துமாவு, முட்டை, பால் ஆகியவை குழந்தையின் பெயரில் வருபவை. வீடு முழுக்கப் பங்கு போட வருபவை அல்ல.

ஒன்றை இங்கே எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். குள்ளமாக இருக்கிறான் என்று பயந்து வாயில் திணித்தால் உயரம் வராது, பருமன்தான் வரும். வாயைத் திருப்பிக்கொள்ளும் பிள்ளையைக் கட்டாயப்படுத்தினால் அது சாப்பாட்டையே வெறுக்கத் தொடங்கும். எதிரே உட்கார்ந்து, பேசி, பொறுமையாக ஊட்டுவதும் உணவின் ஒரு பகுதி. உயரம் கூட்டும் என்று விளம்பரம் செய்யும் டப்பாக்களில் பலவற்றில் சர்க்கரைதான் முன்னே நிற்கிறது. அந்தக் காசுக்கு ஒரு மாத முட்டையும் கடலையும் வாங்கலாம்.

“நன்றாகத்தான் கொடுக்கிறோம், பிள்ளை தேறவில்லையே” என்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள வேலூரையும் சேர்த்து எட்டு நாடுகளில் நடந்த மால்-எட் ஆய்வு இதற்கு விடை சொன்னது. வயிற்றுப்போக்கே இல்லாத குழந்தைகளின் குடலில்கூட நோய்க்கிருமிகள் தங்கியிருந்தன. அவை தங்கியிருந்த குழந்தைகள் உயரத்தில் பின்தங்கினார்கள். உண்ணும் சோறு குடலில் நடக்கும் போருக்குச் செலவாகிவிடுகிறது. அப்படியானால் கழிப்பறை கட்டினால் போதுமா? வங்காளதேசம், கென்யா, ஜிம்பாப்வே ஆகிய மூன்று நாடுகளில் எளிய கழிப்பறையும் கைகழுவும் ஏற்பாடும் செய்து பார்த்தார்கள். அவற்றால் மட்டும் உயரம் கூடவில்லை. சுத்தம் வேண்டாம் என்பது இதன் பொருளாகாது. அரைகுறைச் சுத்தம் போதாது, சுத்தமான தண்ணீரும் ஊர் முழுவதன் துப்புரவும் நல்ல உணவும் சேர்ந்தே வர வேண்டும் என்பதுதான் இதிலிருந்து நான் எடுக்கும் பாடம். வீட்டளவில் செய்யக்கூடியவை: தடுப்பூசிகளைத் தவறவிடாதீர்கள். வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசலோடு துத்தநாக மாத்திரையை 14 நாள் கொடுங்கள். நோய் விட்ட பிறகு இரண்டு வாரம் ஒரு வேளை உணவு கூடுதலாகக் கொடுங்கள். இழந்த வளர்ச்சியை உடல் மீட்கும் காலம் அதுதான். ஒன்றிரண்டு வயதில் பகலும் இரவுமாகப் பதினொரு மணி நேரமாவது தூங்க விடுங்கள். வளர்ச்சி ஹார்மோன் பெரும்பாலும் ஆழ்ந்த தூக்கத்தில்தான் சுரக்கிறது.

அளந்து எழுதுவதால் மட்டும் பிள்ளை வளருமா என்று அங்கன்வாடிச் சகோதரிகள் கேட்கலாம். வளராது. அட்டையில் புள்ளி வைத்து மூடிவிட்டால் அது வெறும் சடங்குதான். தமிழ்நாட்டில் 1980-இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இதற்கு நல்ல முன்மாதிரி. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை ஏறாமல் நின்றால், அந்தக் குழந்தைக்கு மூன்று மாதம் சத்துருண்டை கொடுத்தார்கள், தாயோடு உட்கார்ந்து பேசினார்கள், தேறியதும் நிறுத்தினார்கள். குழந்தை எவ்வளவு சிறியது என்பதைவிட, வளர்ச்சி நின்றதா என்பதையே பெரிதாகப் பார்த்த திட்டம் அது. கடும் ஊட்டக்குறைவு அங்கே கணிசமாகக் குறைந்தது. அளவு, உரையாடல், உணவு மூன்றும் ஒரே கையால் நடந்ததுதான் காரணம். அன்று எடையைப் பார்த்தார்கள். இன்று நம் அங்கன்வாடிகளில் உயரம் அளக்கும் கருவியும் இருக்கிறது.

எல்லாக் குள்ளமும் சோற்றால் தீராது. இரண்டு வயது முதல் நான்கு வயது வரை ஆண்டுக்கு ஐந்தரை சென்டிமீட்டருக்குக் குறைவாக வளர்ந்தால், கோட்டுக்கு வெகு கீழே இருந்தால், கைகால்கள் உடம்புக்குப் பொருந்தாமல் குட்டையாக இருந்தால், ஓயாத மலச்சிக்கலும் மந்தமும் இருந்தால், பால் குடிக்கும்போதே மூச்சு வாங்கினால், அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்துச் சிறுநீர் கழித்தால் மருத்துவரிடம் போக வேண்டும். தைராய்டு, இதயம், சிறுநீரகம், வளர்ச்சி ஹார்மோன், பெண் குழந்தைக்கு டர்னர் நிலை எனக் காரணங்கள் பல. தைராய்டுக் குறைக்கு ஒரு சிறு மாத்திரை போதும். தாமதித்தால் அறிவு வளர்ச்சியே தடைபடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கி, தேவைப்பட்டால் சித்தூர் அரசு மருத்துவமனைக்கோ திருப்பதி ரூயா மருத்துவமனைக்கோ போகலாம். போகும்போது அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். வரிசையான அளவுகள் இருந்தால் மருத்துவர் ஓராண்டு காத்திருந்து பார்க்க வேண்டியதில்லை; அந்த ஓராண்டு அட்டையிலேயே இருக்கும். வளர்ச்சி ஹார்மோன் ஊசி அது தேவைப்படும் சிலருக்கு மட்டுமே, ஆசைக்குப் போடுவதில்லை.

கடைசியாக, இரண்டு வயது தாண்டிவிட்டது, இனி என்ன செய்து என்ன பயன் என்று மனம் தளர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் ஆயிரம் நாள் முக்கியம் என்பதில் ஐயமில்லை. அதனால் ஆயிரத்தோராவது நாளில் கதவு மூடிவிடுவதில்லை. 2002-இல் தொடங்கிய ‘யங் லைவ்ஸ்’ ஆய்வு, அப்போது நம் அண்டை மாவட்டங்களாக இருந்த கடப்பா, அனந்தபூர் உட்பட அன்றைய ஆந்திரத்தின் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. ஒரு வயதில் குன்றியிருந்த குழந்தைகளில் கணிசமானோர் எட்டு வயதுக்குள் அந்தக் கோட்டைத் தாண்டி மேலே வந்தார்கள். அப்படி மீண்டவர்கள், மீளாதவர்களைவிடப் படிப்பிலும் நன்றாக இருந்தார்கள். மீட்சி தானாக எல்லாருக்கும் வருவதில்லை, ஆனால் வரக்கூடியது.

ஆகவே இந்த அவை இன்று மூன்று முடிவுகளோடு கலைய வேண்டும் என்று விரும்புகிறேன். மூன்று வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் எடையோடு உயரமும் தாய்-சேய் அட்டையில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் பெற்றோர் கேட்க வேண்டும், அது உங்கள் உரிமை. வளர்ச்சிக்கோடு தளர்ந்த குழந்தையின் வீட்டுக்கு ஒருவராவது போய், அடுப்படியில் உட்கார்ந்து, என்ன சமைக்கிறார்கள், யார் ஊட்டுகிறார்கள், போன மாதம் என்ன நோய் என்று கேட்க வேண்டும். இரண்டாவதாகப் பிறந்த பெண் குழந்தையின் தட்டு முதலில் பிறந்த ஆண் குழந்தையின் தட்டைப் போலவே நிறைய வேண்டும். இவற்றைச் செய்துவிட்டுப் பிறகும் உங்கள் பிள்ளை பக்கத்து வீட்டுப் பிள்ளையைவிட இரண்டு விரல் குறைவாக இருந்தால், அது அந்தப் பிள்ளையின் சொந்த உயரம். அதைப் பற்றி யாருக்கும் நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.